அசைவுப்படம் பார்த்த பிள்ளைகள் எழுதும்போது ஏன் தடுமாறுகிறார்கள்?

உப்புவெளி_விஞ்ஞானம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை நகரம், உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துச் சாதாரண தரப் பிள்ளைகள் 35 பேருக்கு நடக்கும் சனிக்கிழமை மீட்டல் வகுப்புக்கு ஆறு அசைவுப்படங்கள் (அனிமேஷன்) செய்யத் திட்டம். இதயவட்டம் (ஒரு துடிப்பில் இதயத்தில் நடப்பவை), இழையுருப்பிரிவு (கலம் இரண்டாகப் பிரிவது), வேக–நேர வரைபு, அலைகளும் சுனாமியும், மின்பகுப்பு, இலையின் குறுக்குவெட்டு என்பன தலைப்புகள். இதயவட்டம் முடிந்துவிட்டது. நீளம் 4 நிமிடம் 10 வினாடி. குருதி இடைவிடாமல் ஓடுகிறது, இதயம் இயல்பான வேகத்தில் துடிக்கிறது, விளக்கம் திரையின் அடியில் வரிவரியாக வருகிறது, குரல் அதே வரியை வாசிக்கிறது. பின்னணியில் மெல்லிய இசை.

பார்த்து முடிந்ததும் “விளங்கிற்றா?” என்றால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் “இருகூர் வால்வு எப்போது மூடும்? அந்த நேரம் அரைமதி வால்வு எந்த நிலையில் இருக்கும்?” (இருகூர் வால்வு இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையில், அரைமதி வால்வு கீழறையிலிருந்து குருதி வெளியேறும் வாயிலில்) என்று அமைப்புக் கட்டுரை வினாவாகக் கொடுத்தால், அச்சுத் தாள் மட்டும் படித்த மற்றப் பிரிவைவிட ஒரு புள்ளிகூட அதிகமாக வரவில்லை. படத்துக்குப் பெயரிடுவதில் தாள் படித்தவர்கள்தான் மேல்.

வேகம்தான் பிழையா, அல்லது அசைவுப்படமே வீண் வேலையா? மற்ற ஐந்தையும் தொடங்கலாமா? கையில் இருப்பது ஒரு மடிக்கணினி, பவர்பாயிண்ட் 2016, ஒரு மல்டிமீடியா புரொஜெக்டர். பிள்ளைகளுக்குப் படம் போவது பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு.


படம்_கீறி எழுதியது:

தலையாட்டலைக் கணக்கில் எடுக்காதீர்கள். வால்வு எப்போது மூடும் என்று யோசிக்கும் வேலையைத் திரையே செய்துவிட்டது. பிள்ளை பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது. விளங்கியதுபோலத்தான் இருக்கும்.

இது உங்கள் படத்துக்கு மட்டும் வந்த குறை இல்லை. 2002 இல் பார்பரா ட்வெர்ஸ்கி, மொரிசன், பெட்ரான்கூர் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஒப்பீடுகளைத் தோண்டிப் பார்த்தார்கள். அசைவுப்படம் வென்றது என்று சொன்ன ஆய்வுகள் பலவற்றில், நிலைப்படத்தில் இல்லாத தகவல் அசைவுப்படத்துக்குள் இருந்திருக்கிறது. போட்டியே சரிசமமாக இல்லை. அசைவுப்படம் உதவ இரண்டு நிபந்தனை வேண்டும் என்பது அவர்கள் வாதம். காட்டும் அசைவு பாடத்தில் உள்ள மாற்றத்தோடு பொருந்த வேண்டும். பார்ப்பவரின் கண்ணும் மூளையும் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு அது மெதுவாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். 2005 இல் மேயர், ஹெகார்ட்டி குழுவினர் மின்னல், கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி, கடலலை, கார் பிரேக் என்று நான்கு பாடங்களில் குரலோடு ஓடும் அசைவுப்படத்தையும் குறிப்போடு கூடிய தாள் படங்களையும் ஒப்பிட்டார்கள். எட்டு ஒப்பீடுகளில் நான்கில் தாள் மேல், மற்ற நான்கில் வேறுபாடு இல்லை. அசைவுப்படம் ஒன்றில்கூட மேலே வரவில்லை.

அதற்காக மூட்டை கட்டிவிடவும் ஏலாது. 2007 இல் ஹோஃப்லரும் லொய்ட்னரும் 26 ஆய்வுகளின் 76 ஒப்பீடுகளைச் சேர்த்துக் கணித்ததில் அசைவுப்படத்தின் பக்கம் 0.37 நியம விலகல் சாய்வு வந்தது. அதாவது நிலைப்படம் பார்த்த 100 பேரை வரிசைப்படுத்தினால், அசைவுப்படம் பார்த்த சராசரிப் பிள்ளை அவர்களில் 64 பேரைத் தாண்டி நிற்கும். 2016 இல் பெர்னியும் பெட்ரான்கூரும் 61 ஆய்வுகளை எடுத்தபோது அது 0.23 அளவுக்கு இறங்கிவிட்டது. நன்மை உண்டு, ஆனால் சின்னது. எந்த அசைவு என்பதைப் பொறுத்து அது ஏறும் இறங்கும். அலங்காரத்துக்காக ஆடும் அசைவுக்கு 2007 கணிப்பில் பயன் சுழியம்தான்.

உங்கள் படத்தில் எனக்குத் தெரியும் பிழைகள் நான்கு.

முதலாவது, ஓடிப்போகும் தகவல். தாளில் கண் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். திரையில் போன காட்சி போனதுதான். அதை நினைவில் தாங்கியபடியே அடுத்ததையும் பிடிக்க வேண்டும். ஜோன் ஸ்வெல்லர் வழிவந்த சுமைக் கோட்பாட்டுக்காரர் (நினைவு ஒரே நேரத்தில் தாங்கும் சுமை கொஞ்சம்தான் என்பவர்கள்) இதைத் தனி விளைவாகவே எண்ணுகிறார்கள். இயல்பு வேகத்தில் துடிக்கும் இதயத்தில் ஒரு வட்டம் 0.8 வினாடி. அதற்குள் நான்கு வால்வையும் பார் என்றால் யாரால் முடியும்?

இரண்டாவது, அதிகம் அசைவதன் பின்னால்தான் கண் போகும். ரிச்சர்ட் லோ வானிலைப் படங்களை வைத்துக் காட்டியது இதைத்தான். துறை தெரியாதவர்கள் முக்கியமானதை விட்டுவிட்டுக் கண்ணைப் பறிப்பதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் படத்தில் அது ஓடும் குருதி. வால்வு ஒரு சின்னக் கதவு, அது அசைவதும் கொஞ்சம். குருதி ஓடும்வரை அதை ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாவது, அடியில் வரி. கண் ஒன்றுதான். வரியை வாசித்தால் படம் போய்விடும், படத்தைப் பார்த்தால் வரி போய்விடும். குரல் அதே வரியைச் சொன்னால் எழுத்துத் தேவையே இல்லை. பெயர் மட்டும் போதும், அதுவும் உறுப்பின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும். பெயரிடும் வினாவில் தாள் வென்றதற்கு இதுதான் காரணமாக இருக்கும். (காது கேளாத பிள்ளை இருந்தால் வேறு கதை, அவர்களுக்கு எழுத்துள்ள ஒரு பிரதி தனியாக வேண்டும்.)

நான்காவது இசை. எடுத்துவிடுங்கள். அதற்கு விளக்கம் தேவையில்லை.


தம்பலகாமம்_73 எழுதியது:

மேலே சொன்ன காரணங்களோடு உடன்பாடு. இதயவட்டத்தை எப்படித் திருத்துவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் பாடத்தை இரண்டாக வெட்டுங்கள். “குருதி எந்த வழியாகப் போகிறது” ஒரு கேள்வி, “எது எப்போது சுருங்குகிறது” வேறொரு கேள்வி. முதலாவது வெறும் பாதை. அம்புக்குறி போட்ட ஒரு நிலைப்படம் போதும், அதைக் கொப்பியில் கீறச் செய்யுங்கள். இரண்டையும் ஒரே படத்தில் கலந்தால் வரும் பெரிய விபத்து இது: குருதித்துளி ஒன்றைப் பின்தொடர்ந்து வலச் சோணையறை (மேலறை), வலது இதயவறை (கீழறை), நுரையீரல், இடச் சோணையறை, இடது இதயவறை என்று கமெரா போகும். பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, வலப்பக்கம் முதலில் துடிக்கிறது, இடப்பக்கம் பிறகு துடிக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். உண்மையில் இரண்டு சோணையறைகளும் ஒன்றாகச் சுருங்கும், பிறகு இரண்டு இதயவறைகளும் ஒன்றாகச் சுருங்கும். உங்கள் விடைத்தாள்களில் இந்தப் பிழை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இனி நேரப் படம். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு வட்டம் 0.8 வினாடி. சோணையறைச் சுருக்கம் 0.1, இதயவறைச் சுருக்கம் 0.3, முழுத் தளர்வு 0.4. பத்து மடங்கு மெதுவாக்கினால் 1, 3, 4 வினாடிகள், மொத்தம் 8. விகிதம் கெடக்கூடாது. மூன்றையும் சமமாக நீட்டினால், இதயம் வட்டத்தின் பாதி நேரம் ஓய்வில் இருக்கிறது என்ற செய்தி தொலைந்துவிடும். மூலையில் “10 மடங்கு மெதுவாக” என்று எழுதி வையுங்கள். கடைசியில் ஒரே ஒரு தடவை உண்மை வேகத்தில் ஓட்டிக் காட்டுங்கள்.

படத்தில் இருக்க வேண்டியவை நான்கு அறை, நான்கு வால்வு, அடியில் 0 முதல் 0.8 வரை ஒரு நேரக்கோடு, அதில் நகரும் ஒரு புள்ளி. குருதிக்குத் துளிகள் வேண்டாம். அறையின் நிறம் கூடிக் குறைந்தால் போதும். வால்வு மூடும் கணத்தில் அந்த வால்வு மட்டும் தடிப்பாகட்டும், மற்றதெல்லாம் மங்கட்டும். “லப்” ஒலி இருகூர் வால்வும் வலப்பக்கத்து முக்கூர் வால்வும் மூடும்போது. “டப்” அரைமதி வால்வுகள் மூடும்போது. இந்த இரண்டு ஒலியையும் சேர்க்கலாம், அவை பாடத்துக்கு உரியவை.

பிறகு நிறுத்தங்கள். 2001 இல் மேயரும் சான்ட்லரும் 140 வினாடி மின்னல் படமொன்றை 16 துண்டாக்கி, அடுத்த துண்டுக்குப் போக ஒரு பொத்தானையும் வைத்தார்கள். துண்டு துண்டாகப் பார்த்தவர்கள் புதிய சிக்கலுக்கு விடை காணும் வினாக்களில் மேலே வந்தார்கள்; மனப்பாட வினாக்களில் வேறுபாடு இல்லை. ஒரு துண்டு 9 வினாடிக்கும் குறைவு என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு இயல்பான வெட்டு மூன்று இடம்: சோணையறைச் சுருக்கம் முடியும் இடம், இதயவறைச் சுருக்கம் முடியும் இடம், தளர்வு முடியும் இடம்.

அந்த நிறுத்தத்தில்தான் உண்மையான கல்வி நடக்கிறது. ஓட்டுமுன் கேளுங்கள்: “இப்போது இதயவறை சுருங்கப் போகிறது. எந்த வால்வு மூடும்? கொப்பியில் எழுது.” 30 வினாடி கொடுங்கள். அதற்குப் பிறகு ஓட்டுங்கள். ஹெகார்ட்டி குழுவினர் 2003 இல் தண்ணீர்த் தொட்டிப் பொறிமுறையை வைத்துச் செய்த ஆய்வில், இயக்கத்தை முன்கூட்டி ஊகித்துச் சொன்னவர்களுக்கு அதன் பின் பார்த்தது கூடுதலாக விளங்கியது. அந்த ஆய்விலேயே படிநிலைப் படங்களை வரிசையாகப் பார்த்தவர்களும் அசைவுப்படக்காரருக்குக் குறைந்தவர்களாக இல்லை.

மொத்தம் 90 வினாடிக்குள் அடங்கும். 4 நிமிடம் 10 வினாடியில் மிச்சமெல்லாம் முன்னுரையும் அலங்காரமும்தான் என்று நினைக்கிறேன்.

பவர்பாயிண்ட் 2016 இல் மோர்ஃப் வசதியோடு (ஒரு சிலைட்டின் உருவத்தை அடுத்த சிலைட்டின் உருவமாக வழுக்கி மாற்றுவது) படம் செய்ய முடியாது. அது 2019 முதலான பதிப்புகளிலும் சந்தாப் பதிப்பிலும்தான். உங்களுக்கு வழி இது: ஒவ்வொரு கட்டத்துக்கும் சிலைட்டைப் பிரதி எடுத்து, அறையின் ஓரப் புள்ளிகளைச் சற்று உள்ளே இழுங்கள். புதிதாகக் கீற வேண்டாம், கீறினால் இதயம் துள்ளும். சிலைட் மாற்றத்துக்கு மெல்லிய மங்கல் கொடுங்கள். கட்டத்துக்கு நான்கு சிலைட், மொத்தம் 12. சினிமா மாதிரி வழுக்காது, ஆனால் பாடத்துக்குப் போதும்.


கொட்டியாரக்குடா எழுதியது:

ஒண்டு சொல்ல விட்டுட்டீங்கள். பிள்ளையள் வீட்டில யூடியூப்பில பார்க்கிறது முக்கால்வாசி தமிழ்நாட்டுப் படங்கள். அதில “ஒளிச்சேர்க்கை”, இங்க “ஒளித்தொகுப்பு”. அதில “ஆக்ஸிஜன்”, இங்க “ஒட்சிசன்”. அதில “குரோமோசோம்”, இங்க “நிறமூர்த்தம்”. இதெல்லாம் பரவாயில்லை, பழகிடலாம். பொல்லாதது “வேகம்”. அங்க வேகம் எண்டா திசை இல்லாதது, திசையோட சொல்லுறதுக்குத் “திசைவேகம்”. எங்கட பாடநூலில திசை இல்லாதது “கதி”, திசையோட உள்ளது “வேகம்”. அங்க “முடுக்கம்”, இங்க “ஆர்முடுகல்”. அந்தப் படத்தைப் பார்த்திட்டு வந்த பிள்ளை வேக–நேர வரைபில சறுக்கினா அது படத்தின்ர அசைவால வந்த பிழை இல்லை, சொல்லால வந்த பிழை. நீங்கள் செய்யிற படத்தில பாடநூல் சொல்லை மட்டும் போடுங்கோ, எழுத்துக்கு எழுத்து.


மூதூர்_செய்முறை எழுதியது:

படம்_கீறி சொன்னதில் ஒரு பக்கம்தான் வந்திருக்கிறது. 2007 தொகுப்பில் இன்னொரு எண் உண்டு. கையால் செய்யும் வேலையைக் கற்பிக்கும் படங்களை மட்டும் தனியே எடுத்தால் சாய்வு 0.37 இல்லை, 1.06. மூன்று மடங்குக்குக் கிட்ட. காகித மடிப்பு போன்ற கை அசைவுகளை நிலைப்படத்தைவிட ஓடும் படத்தில் பார்த்து நன்றாகப் பழகலாம் என்று ஸ்வெல்லரின் வட்டத்து ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். வலை பின்னும் முடிச்சைத் தாளில் படம் போட்டு யாரும் பழக்குவதில்லையே.

ஆகவே உங்கள் ஆறு தலைப்பில் ஒன்றுகூடக் கைவேலை இல்லை என்பது எனக்குக் கவலை. வேணியர் இடுக்கியை வாசிப்பது, அளவியை (பியூரெட்) திருகி ஒரு துளி மட்டும் விழவிடுவது, நுணுக்குக்காட்டியில் முதலில் குறைந்த பெருக்கத்தைப் போட்டுக் குவிப்பது, வெங்காய உரியைக் குமிழி இல்லாமல் மூடித்துண்டால் (மெல்லிய கண்ணாடித் துண்டு) மூடுவது. இவற்றுக்குக் கணினிப் படம்கூட வேண்டாம், போனில் எடுத்த காணொளி போதும். போன் செய்பவரின் தோளுக்கு மேலிருந்து பார்க்க வேண்டும். எதிரே வைத்து எடுத்தால் இடது வலது மாறிவிடும், பிள்ளை மனதுக்குள் படத்தைத் திருப்ப வேண்டிவரும். ஒரு செயல் 20 முதல் 40 வினாடி. குமிழி வருவதையும் ஒரு தடவை காட்டுங்கள்: மூடித்துண்டைக் கிடையாகப் போட்டால் காற்று அகப்படும், 45 பாகை சரிவில் ஒரு ஓரத்தை நீரில் தொடவைத்து மெல்ல இறக்கினால் காற்று வெளியேறிவிடும்.


உப்புவெளி_விஞ்ஞானம் எழுதியது:

மிக்க நன்றி. வலப்பக்கம் முதலில், இடப்பக்கம் பிறகு என்று எழுதியவர்கள் 11 பேர்! கமெரா குருதியோடுதான் போகிறது, பிழை அங்கேதான். இதயவட்டத்தைத் திருப்பிச் செய்கிறோம், கைவேலைக் காணொளிகளையும் சேர்க்கிறோம். மற்ற ஐந்து தலைப்பில் எதை அசைப்பது, எதை விடுவது?


படம்_கீறி எழுதியது:

மூதூர்க்காரர் சொன்னதை ஏற்கிறேன், கைவேலையை நான் எண்ணவில்லை.

இலையின் குறுக்குவெட்டு: விடுங்கள். அங்கே எதுவும் நகரவில்லை. கமெரா சுற்றிச் சுற்றிப் பறக்கும் முப்பரிமாணப் படம் செய்ய ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு நல்ல நிலைப்படம், ஒரு வெற்றுப் பிரதி, பென்சில்.

மின்பகுப்பு: ஒரே ஒரு காட்சிக்கு மட்டும் அசைவு. செப்புசல்பேற்றுக் கரைசல், காரீய (காபன்) மின்வாய்கள். கம்பியில் இலத்திரன் ஓடட்டும், கரைசலில் அயன் நகரட்டும். கரைசலுக்குள் இலத்திரன் நீந்திக் கடப்பதாகக் காட்டும் படங்கள் ஏராளம், அதைப் பார்த்த பிள்ளை பரீட்சையிலும் அப்படியே எழுதும். கதோட்டில் செப்பு படிவதையும் அனோட்டில் ஒட்சிசன் குமிழி வருவதையும் ஆய்வுகூடத்திலேயே காட்டலாம். அதற்குப் படம் எதற்கு?

இழையுருப்பிரிவு: நான்கு அவத்தைகளும் (கட்டங்களும்) நிலைப்படமாக ஒரே வரிசையில் எப்போதும் திரையில் நிற்கட்டும். அவற்றுக்கு மேலே 20 வினாடி அசைவுப்படம், இப்போது எந்த அவத்தை என்பதைக் கீழே ஒரு சட்டம் காட்டட்டும். அசைவு இங்கே செய்யும் ஒரே வேலை, அவத்தைகள் தனித்தனி நிலையங்கள் இல்லை, தொடர் ஓட்டம் என்று காட்டுவது. நிறமூர்த்தம் நான்கு வைத்துத் தொடங்குங்கள், இரண்டு நீளம், இரண்டு குட்டை. முடிவில் ஒவ்வொரு மகட்கலத்திலும் (பிரிந்து வரும் புதிய கலம்) நான்கு இருக்க வேண்டும். சோம்பலில் இரண்டிரண்டாகப் பிரித்துவிட்டால் அது ஒடுக்கற்பிரிவின் (நிறமூர்த்த எண்ணிக்கை பாதியாகும் பிரிவு) கணக்காகிவிடும்.

வேக–நேர வரைபு: இதற்குத்தான் அசைவு முழுப் பெறுமதி தரும், ஏனென்றால் நேரமே அச்சு. நிலாவெளி வீதியில் ஒரு பஸ் என்று வையுங்கள். 5 வினாடியில் 0 இலிருந்து 10 மீ/செ, அடுத்த 10 வினாடி மாறா வேகம், கடைசி 5 வினாடியில் ஓய்வு. மேலே கிடையான வீதியில் பஸ், கீழே அதே கணத்தில் வளரும் வரைபு. கோட்டின் கீழ்ப் பரப்பு நிறம்நிறமாக நிரம்பட்டும்: 25, 100, 25, மொத்தம் 150 மீற்றர். பஸ்ஸை வரைபுக் கோட்டின்மேல் ஓட்டவே கூடாது. ஓட்டினால் பிள்ளை அதை மேடு பள்ளமாக வாசிக்கும். மாறா வேகப் பகுதி மலையுச்சியில் உள்ள சமதரையாகிவிடும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. பவர்பாயிண்டின் நகர்வுப் பாதை இயல்பாகவே மெல்லத் தொடங்கி மெல்ல முடியும்படி அமைக்கப்பட்டிருக்கும். மாறா வேகம் என்று குரல் சொல்லும், பஸ் ஆர்முடுகிக்கொண்டிருக்கும். விளைவுத் தெரிவுகளுக்குள் போய்த் தொடக்க மென்மை, முடிவு மென்மை இரண்டையும் 0 ஆக்குங்கள். ஆர்முடுகல் பகுதியை அதில் சரியாகச் செய்வது சிரமம்; ஜியோஜிப்ராவில் (கணித வரைபு மென்பொருள்) நேரத்துக்கு ஒரு நகர்த்தி வைத்துச் செய்தால் சமன்பாடே பஸ்ஸை ஓட்டும். பிள்ளை தானே நகர்த்தியை இழுக்கலாம் என்பது மேலதிக லாபம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற விஞ்ஞானப் பாடச் செயலிகளிலும் தமிழில் உள்ளவை இருக்கின்றன, தரவிறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். ஆனால் கொட்டியாரக்குடா சொன்ன சொல் சிக்கலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலைகளும் சுனாமியும்: இதை இரண்டாகப் பிரியுங்கள். சாதாரண அலையில் கற்பிக்க வேண்டியது, அலை போகும், நீர் போகாது என்பது. ஆயிரம் நீலப் புள்ளியில் ஒரே ஒரு புள்ளியைச் சிவப்பாக்குங்கள். அது வட்டமாகச் சுற்றி ஏறக்குறைய அதே இடத்துக்கு வரட்டும். சிவப்புப் புள்ளி இல்லாவிட்டால் கண் அலைமுடியோடு கரைக்கு ஓடிவிடும்.

சுனாமிப் படங்களில் உள்ள பிழைகளைச் சொன்னால் விடியும். ஆழ்கடலில் அதைப் பனைமர உயரச் சுவராகக் கீறுகிறார்கள். நடுக்கடலில் அது பெரும்பாலும் ஒரு மீற்றருக்குள், நீளமோ நூறு கிலோமீற்றருக்கு மேல். 200 கி.மீ. அகலத்தை 1920 புள்ளித் திரையில் கீறினால் ஒரு புள்ளிக்கு 104 மீற்றர். ஒரு மீற்றர் உயரம் ஒரு புள்ளியின் நூறில் ஒரு பங்குதான். ஆகவே உயரத்தைப் பெருப்பிக்காமல் காட்டவே முடியாது. பெருப்பியுங்கள், ஆனால் “நிலைக்குத்து அளவு பெருப்பிக்கப்பட்டது” என்று படத்திலேயே எழுதுங்கள். வேகம் ஆழத்தைப் பொறுத்தது: ஆழத்தை 9.8 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் மீ/செ. 4000 மீற்றர் ஆழத்தில் 198, அதாவது மணிக்கு 713 கி.மீ. 10 மீற்றர் ஆழத்தில் ஏறக்குறைய 10, மணிக்கு 36 கி.மீ. முன்பக்கம் தாமதிக்கப் பின்பக்கம் வந்து நெருக்குவதால் உயரம் ஏறுகிறது. இந்த நெருக்கத்தைக் காட்டத்தான் அசைவு தேவை.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் சர்வதேச நேரம் 00:58 இல். எங்கள் கிழக்குக் கரைக்கு அலை வர ஏறத்தாழ 2 மணி நேரம். ஒரு வினாடிக்கு 5 நிமிடம் என்று ஓட்டினால் 24 வினாடி. மூலையில் ஒரு கடிகாரம் வையுங்கள். இன்னொன்று முக்கியம்: “கடல் முதலில் உள்வாங்கும், அதுதான் அடையாளம்” என்று பல படம் சொல்கிறது. தாய்லாந்துப் பக்கம் அப்படித்தான் நடந்தது. எங்கள் பக்கம் முதலில் வந்தது ஏற்றம். உள்வாங்குவதைக் காத்துக்கொண்டு நிற்கக் கற்றுக்கொடுக்கும் படம் ஆபத்தான படம்.

அந்த நாளின் உண்மைக் காணொளியை இடையில் செருக வேண்டாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் உறவைப் பறிகொடுத்த வீடுகளில் இருந்து வரும் பிள்ளைகள் இருப்பார்கள். பாடத்துக்கும் அதனால் பயன் இல்லை. பார்த்தவர்களுக்கு அழுகுரல்தான் நினைவில் நிற்கும், ஆழமும் வேகமும் நிற்காது.


வாடைக்காற்று எழுதியது:

கோப்பு விஷயம் சுருக்கமாக. ஜிஃப் ஆகச் செய்யாதீர்கள்: 256 நிறம்தான், ஒலி இல்லை, பெரும்பாலான இடங்களில் நிறுத்தவும் முடியாது. எம்பி4 தான் சரி. தட்டையான நிறப் படம் 720 வரிக்கு வினாடிக்கு 500 கிலோபிட் போதும். 90 வினாடிக்கு 5.6 மெகாபைட், ஒற்றை ஒலித்தடம் 64 கிலோபிட்டில் இன்னும் 0.7. வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது திரும்பவும் நசுக்கும், சின்ன எழுத்து கலங்கும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கட்டத்துக்கு ஒரு கோப்பாக, 1, 2, 3 என்று பெயரிட்டு அனுப்பினால் நிறுத்தம் தானாகவே வரும்.

பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால் அது இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். சில காணொளித் தொகுப்பு மென்பொருள்கள் “கொ” வை மூன்று துண்டாக உடைக்கும். அப்படியானால் பெயர்களை இங்க்ஸ்கேப்பில் (படம் கீறும் மென்பொருள்) அடித்துப் படமாக ஏற்றி ஒட்டுங்கள்.

புரொஜெக்டருக்குக் கறுப்புப் பின்னணி வேண்டாம். யன்னல் வெளிச்சம் விழும் திரையில் கறுப்பு என்பது திரையின் வெள்ளையைவிட இருட்டாகாது. வெள்ளையில் கரும் எழுத்து, தடித்த கோடு. சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். மின்னி மின்னிக் காட்டுவதென்றால் வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் போகாதீர்கள், வலிப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது.


தம்பலகாமம்_73 எழுதியது:

திருத்தியபின் திரும்பவும் ஒப்பிடுவீர்கள். 35 பேரை இரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்கு 17, 18. 0.37 அளவு வேறுபாட்டை நம்பிக்கையோடு பிடிக்கப் பக்கத்துக்கு 115 பேர் அளவில் வேண்டும். ஆகவே முன்பு “ஒரு புள்ளிகூட வரவில்லை” என்றதும் பெரிதாக எதையும் நிறுவவில்லை, அடுத்த முறை இரண்டு புள்ளி கூடினாலும் துள்ள வேண்டாம். சராசரியை விட்டுவிட்டுப் பிழைகளை இனம் பிரித்து எண்ணுங்கள், நீங்கள் 11 பேரைக் கண்டுபிடித்தது மாதிரி. முதற்பிரிவுக்கு இதயம் அசைவாகவும் இழையுருப்பிரிவு தாளாகவும், மற்றப் பிரிவுக்கு மாறியும் கொடுத்தால் ஒருவருக்கும் குறை இராது. தாளிலும் படத்திலும் தகவல் ஒன்றாக இருக்க வேண்டும், நேரமும் ஒன்றாக.

வினாவில் மூன்று வகை வையுங்கள்: பெயரிடல், ஒழுங்கு, புதிய நிலைமை. மூன்றாவதுக்கு ஒன்று: “இருகூர் வால்வு முழுதாக மூடாவிட்டால், இதயவறை சுருங்கும்போது குருதி எங்கே போகும்?” இடச் சோணையறைக்குத் திரும்பும் என்று எழுதியவரைத் தனியாக எண்ணுங்கள். பார்த்த அன்று ஒரு தடவை, அடுத்த சனிக்கிழமை சொல்லாமல் ஒரு தடவை.